பாதி நாள் பள்ளி

1953-ல் ஆச்சாரியார் ஆட்சி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைப் புகுத்தியது. படிப்பு மூன்று மணி நேரம். மற்ற நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும்! பட்டணத்துப் பிள்ளைக்கு அது இல்லை.

குயவன் மகன் சக்கரம் சுற்றலாம், தச்சன் மகன் உளி பிடிக்கலாம். தஞ்சைத் தரணியில் பண்ணையாள் மகன் எதைப் பழகுவான்? நிலம் மிராசுதாருடையது, ஏரும் மாடும் அவருடையவை. அந்த மாட்டை மேய்ப்பதும் சாணி அள்ளுவதும்தானே அவனுக்குப் பாடம்? பண்ணைக்குக் கூலியில்லா ஆள் ஒருவன்!

இருக்கிற ஆசிரியரைக் கொண்டே காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம், செலவில்லாமல் இரட்டிப்புப் பிள்ளைகள் என்று கணக்குச் சொன்னார்கள். கணக்கு சரிதான். வெட்டியது யார் பிள்ளையின் நேரத்தை?

குலக்கல்வி என்று பெயர் சூட்டி நாடே எதிர்த்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார்; மே மாதம் திட்டம் தொலைந்தது. அதே மே மாதம்தான், கறுப்பர் பிள்ளைக்குத் தனிப் பள்ளி என்பது செல்லாதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கதவு திறந்தால் போதுமா? வயிறு இருக்கிறதே! 1956-ல் மதிய உணவு வந்தது. ஆனால் நடவுக்குப் போகும் தாய் விடியுமுன்னே கிளம்புகிறாள். அடுப்பு மூட்ட நேரமேது? காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது 2023 ஆகஸ்ட் 25-ல், நம் திருக்குவளைப் பள்ளியில்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் காலையில் போங்கள். எத்தனை தட்டு, எத்தனை ஆசிரியர், அறுவடை நாளில் எந்த இடம் காலி என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.