பேரப்பிள்ளையின் முகப்பரு: பெரியவர்கள் அறிய வேண்டியவை

"முகத்துல ஏன் இவ்வளவு பரு? ஒழுங்கா முகம் கழுவுறதில்லையா?" தீபாவளிக்கு வந்த பேரனையோ பேத்தியையோ பார்த்ததும் அக்கறையில் இப்படிக் கேட்டிருப்பீர்கள். கேட்டது உங்களுக்கு மறந்துபோகும். 20 வயதுப் பிள்ளைக்கு மறக்காது.

முகப்பரு அழுக்கினால் வருவதில்லை; உடம்புச் சூட்டினாலும் அல்ல. பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. எண்ணெயும் இறந்த தோலும் மயிர்த்துளையை அடைத்துக்கொள்ள, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. ஒரு நாளைக்கு இருமுறை மென்மையாக முகம் கழுவினால் போதும். தேய்க்கத் தேய்க்க மோசமாகும். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பதும் சரியல்ல. 30 வயதைத் தாண்டியும், குறிப்பாகப் பெண்களுக்கு, பரு வருவதுண்டு.

இது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வந்ததும் அல்ல. மூவாரில் 409 பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கினருக்கு முகப்பரு இருந்தது.

நம்முடைய மாநிறத் தோலில் பரு ஆறிய பிறகும் கரும்புள்ளி பல மாதங்கள் நிற்கும். கிள்ளினால் வடுவாகவே தங்கிவிடலாம். பல பிள்ளைகள் பருவைவிட இந்தப் புள்ளிகளுக்கே அதிகம் கூசுகிறார்கள்.

"நாலு பருதானே" என்று நமக்குத் தோன்றும். ஆனால் மனவேதனை பருவின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. கோவில் திருவிழாவுக்கு வர மறுப்பது, படம் எடுக்கும்போது நழுவுவது, வீட்டுக்குள்ளும் முகக்கவசம் அணிவது, தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் வேலைக்கு நேர்முகத் தேர்வு கிடைத்தும் "அந்த வேலை பிடிக்கல" என்று சொல்லிப் போகாமல் இருப்பது, இவையெல்லாம் திமிரோ சோம்பலோ அல்லாமல் இருக்கலாம்.

எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் பரு கூடும். இவற்றைவிட ஆபத்தானவை இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் சில 'வெள்ளையாக்கும்' கிரீம்கள். பாதரசம், ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன் கலந்திருந்ததால் பல பொருள்களுக்கு நம் சுகாதார அமைச்சு தடை விதித்திருக்கிறது. ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

பருவுக்கு நல்ல சிகிச்சை உண்டு. அடுத்த முறை உங்கள் இரத்த அழுத்த மாத்திரைக்காக அரசு சுகாதார கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. பரு கடுமையாக இருந்தால் தோல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் தருவார்கள். சில வலுவான மாத்திரைகளைச் சிறப்பு மருத்துவரின் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும். அவற்றில் ஐசோட்ரெடினோயின் என்ற மாத்திரை கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடவே கூடாது.

அழைக்கும் விதம் முக்கியம். உறவினர் முன் பேச்சை எடுக்காதீர்கள். தனியாக இருக்கும்போது, "இது உனக்குக் கஷ்டமா இருக்காய்யா? டாக்டரைப் பார்க்கலாமா? நானும் கூட வரேன்" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் கேட்கலாம்.

பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், அறையை விட்டு வராமல் இருந்தால் பருவோடு மனத்தையும் கவனிக்க வேண்டும். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். 15555 என்ற 'ஹீல்' எண்ணை அழைக்கலாம். "வாழப் பிடிக்கல" என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது 999ஐ அழையுங்கள்.

களிம்பு பலன் காட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதலில் தோல் வறண்டு எரியலாம். இரண்டாம் வாரமே "ஒன்னும் ஆகல" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். அப்போது பொறுக்கச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். பென்சாயில் பெராக்சைடு களிம்பு கொடுத்திருந்தால் துணியில் சாயம் போகும். தலையணைக்கு ஒரு பழைய வெள்ளை உறையைப் போட்டுக் கொடுங்கள்.