உணவுக்குழாய்ப் புற்றுநோய்

சோறு நெஞ்சில் சிக்குகிறதென்று வீட்டு முதியவர் கூறினால், “ஆறுதலாகச் சாப்பிடுங்கள்” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அவரும் கஞ்சிக்கு மாறிச் சமாளிக்கிறார். காலம் வீணாவது இங்கேதான். ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள உணவுக்குழாய் நன்கு விரிந்துகொடுப்பது. ஆதலால் கட்டி வழியைப் பெரிதும் அடைத்த பின்னரே விழுங்கல் தடைப்படும். முதலிற் சோறு, பின்னர் கஞ்சி, ஈற்றில் நீர்.

இந்நோயில் இருவகை முக்கியமானவை. குழாயின் உட்புறத்தை மூடும் தட்டையான கலங்களில் தோன்றுவது ஒன்று. புகைத்தல், மது, புகையிலை சேர்த்த வெற்றிலை ஆகியன இதற்கு ஏதுக்கள். இலங்கையில் இதுவே மிகுதி. மற்றது, இரைப்பை அமிலம் நெடுங்காலம் மேலெழுந்து புண்படுத்திய கீழ்ப்பகுதியில், சுரப்பிக் கலங்களில் உண்டாவது. உடற்பருமனும் இதற்குத் துணைபோகும்.

நோயின் நிலையைக் கணிப்பதில், கட்டியின் நீளத்தைவிட அது ஊடுருவிய ஆழமே பெரிது. தொடக்கத்தில் அது உட்படைகளுக்குள் அடங்கியிருக்கும். மேற்படையோடு நின்ற கட்டியை, நெஞ்சைத் திறவாமல், வாய்வழி இறக்கும் அகநோக்கிக் குழாயினாலேயே அகற்றலாம். இரண்டாம், மூன்றாம் நிலைகளில் தசையையும் அயலிலுள்ள நிணநீர்க்கணுக்களையும் பற்றும். நான்காம் நிலையில் பெரும்பாலும் ஈரல், நுரையீரல் வரை பரவிவிடும். அகநோக்கியால் பார்த்துச் சிறு துண்டெடுத்துச் சோதித்தாலே வகை தெரியும். கஞ்சிக்கு மாறியவரை அச்சோதனைக்குத் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள்.