வாங்குவதற்குமுன் கேட்க மறந்த கேள்வி

சாதாரண நிலைத் தேர்வு முடிந்ததும் வீட்டுக் கணினியில் ‘வேலரன்ட்’ விளையாட ஏற்பாடு செய்து தருவதாகத் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தேர்வு முடிந்தது. அப்பாவின் அலுவலகத்தில் கழித்துக் கொடுத்த கணினியில் விளையாட்டைப் பதிவிறக்கினோம். அது திறக்கவே இல்லை. திரையில் ஏதோ பிழைச் செய்தி வந்தது.

“பழைய கணினிதானே, சக்தி போதவில்லை,” என்று நானே முடிவு கட்டினேன். துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து மூன்று மாதம் சேர்த்த பணத்தில், பயன்படுத்திய ‘ஆர்டிஎக்ஸ் 3060’ கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்தேன்.

கணினிப் பெட்டியைத் திறந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. அந்த கார்டு 170 வாட் மின்சாரம் எடுக்கும். அதற்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பது என்விடியா நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் பெட்டியில் இருந்ததோ 260 வாட். கார்டுக்கு மின்சாரம் தரும் தனி வயர்கூட இல்லை.

“பரவாயில்லக்கா,” என்று சொல்லிவிட்டுத் தம்பி அறைக்குள் போய்விட்டான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அன்றிரவுதான் பிழைச் செய்தியை முழுமையாகப் படித்தேன். அதில் கணினியின் சக்தி பற்றி ஒரு சொல்லும் இல்லை. விண்டோஸ் 11 கணினியில் வேலரன்ட் இயங்க ‘டிபிஎம் 2.0’, ‘செக்யூர் பூட்’ ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் செயல்பட வேண்டும். ஏமாற்றி விளையாடுவோரைத் தடுக்கும் ‘வேன்கார்ட்’ மென்பொருள் இதைச் சரிபார்க்கிறது. எங்கள் கணினியில் செக்யூர் பூட் அணைந்திருந்தது. முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் சேமித்துவிட்டு, ‘பயாஸ்’ அமைப்புக்குள் சென்று அதை இயக்கினேன். பத்து நிமிட வேலை, ஒரு காசு செலவில்லை. விளையாட்டு திறந்தது!

பிறகு அதன் தேவைப் பட்டியலைப் பார்த்தேன். குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 2012ல் அறிமுகமான ‘இன்டெல் எச்டி 4000’ கிராஃபிக்ஸ் இருந்தாலே போதும். வினாடிக்கு 144 ஃபிரேம் வேண்டுமென்றாலும் ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ’ போதுமாம். எங்கள் திரையோ வினாடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். பெரிய கார்டு எத்தனை ஃபிரேம் கொடுத்தாலும் அந்தத் திரையால் அத்தனையையும் காட்ட முடியாது.

அதற்காக கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘எல்டன் ரிங்’ விளையாட வேண்டுமென்றால் குறைந்தது 12 ஜிபி ரேமும் ‘ஜிடிஎக்ஸ் 1060’ கார்டும் தேவை. விளையாட்டுக்கு விளையாட்டு கணக்கு மாறும்.

ஆகவே, காசை எடுப்பதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த விளையாட்டு? அதன் தேவைப் பட்டியல் என்ன சொல்கிறது? என் கணினியில் இப்போது என்ன இருக்கிறது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திறக்கும் ‘டாஸ்க் மேனேஜர்’ செயலி, ரேம், கிராஃபிக்ஸ் விவரங்களைக் காட்டிவிடும். பவர் சப்ளையின் வாட் அளவு அதன்மேல் ஒட்டியிருக்கும்.

கார்டை வாங்கிய விலைக்கும் குறைவாகவே விற்க முடிந்தது. கிடைத்த பணத்தில் இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டேன். தனி கார்டு இல்லாத கணினியில் கிராஃபிக்ஸும் ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது என்பதால் அதில் பலன் தெரிந்தது.

இப்போதெல்லாம் பிழைச் செய்தி வந்தால் தம்பி என்னைக் கூப்பிடுவதில்லை. முதலில் தானே படித்துப் பார்க்கிறான்.