உற்பத்தி நின்ற கத்தியும் உயரும் விலையும்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

“இனி இந்த மாடல் வராது” என்ற ஒரே பேச்சை வைத்து, ஒரு காலத்தில் சாதாரணக் கடையில் தொங்கிய வேட்டைக் கத்தியைப் பல மடங்கு விலைக்குத் தள்ளிவிட முடிகிறது. முன்பு இது அமெரிக்கக் கண்காட்சி மேசைகளில் நடந்த வியாபாரம். இன்று கைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டு எந்த ஊரிலிருந்தும் பணம் கட்டலாம். உற்பத்தி நின்றதாலேயே விலை ஏறுகிறது என்று வாங்குபவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் ஏமாற்றுக்கு இடம் கிடைக்கிறது. சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுப்பது, அந்தக் கத்தி இன்ன காலத்தில் இன்ன ஆலையில் செய்யப்பட்டு, பிறகு யாரும் எதையும் மாற்றாமல் வந்திருக்கிறது என்பதற்கான சான்றுக்கு. சான்று இல்லாவிட்டால் எவ்வளவு அரிய மாடலாக இருந்தாலும் அது பழைய கத்திதான்.

நியூயார்க் மாநிலத்தின் எல்லன்வில் ஊரில் இயங்கிய இம்பீரியல் ஷ்ரேட் நிறுவனம் 2004 ஜூலை இறுதியில் மூடப்பட்டது. அதன் ‘ஓல்ட் டைமர்’ வரிசையில் வந்த ஷார்ப்ஃபிங்கர், நுனி மேல்நோக்கி வளைந்த சிறு கத்தி. வேட்டையாடிய மானின் தோலை உரிக்க வசதியானது என்று பெயர் வாங்கியது. ஆலை மூடியதும் இதன் விலை வானத்துக்கு ஏறும் என்று வாங்கி அடுக்கியவர்கள் உண்டு. ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஏராளமாகச் செய்யப்பட்ட கத்தி அது. வீட்டுக்கு வீடு ஒன்று கிடக்கும்போது அரிதாவது எங்கே? இன்றும் சாதாரண ஷார்ப்ஃபிங்கர் யாரையும் பணக்காரர் ஆக்கவில்லை. இன்னொன்றும் நடந்தது. ஷ்ரேட் என்ற பெயரை வேறொரு நிறுவனம் வாங்கி, அதே பெயரிலும் கிட்டத்தட்ட அதே வடிவத்திலும் சீனாவில் செய்த கத்திகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது சட்டப்படி சரியான வியாபாரம். குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் புதிய கத்தியை எல்லன்வில் கத்தி என்று சொல்லி விற்பவர் நடுவில் புகுந்துவிட்டால், இரண்டையும் பிரித்துக் காட்ட அலகில் உள்ள முத்திரை ஒன்றுதான் மிஞ்சுகிறது.

முத்திரைக்கு இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது என்பதற்குப் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். அலகு பிடிக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில் அந்த நிறுவனம் காலத்துக்கு ஏற்ப வெவ்வேறு முத்திரை குத்தியது. 1940 முதல் 1964 வரை ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ மட்டும். 1965இல் அதன் கீழ் ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தது, 1970இல் அதற்கும் கீழே பத்துப் புள்ளிகள் வந்தன. பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே போனார்கள். ஏழு புள்ளி இருந்தால் 1973 என்று சிறு பிள்ளையும் கணக்குப் போட்டுவிடலாம்.  இந்தப் புள்ளிகள் வருவதற்குச் சற்று முன்புதான், 1968இல், அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி வாங்குவது முடங்கியதும், பழைய துப்பாக்கிகளை வாங்கி விற்றவர்கள் பலர் உரிமம் தேவைப்படாத கத்தியின் பக்கம் திரும்பினார்கள். வாங்க ஆள் இருந்தது, வயதைச் சொல்லும் முத்திரையும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கூடியதால்தான் பழைய முத்திரைக் கத்திகளைக் கடைகளின் காட்சிப் பலகையிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு போகும் வேகம் பிறந்தது.

ரெமிங்டன் கதை இதற்குச் சற்று மாறானது. துப்பாக்கிக்குப் பெயர்போன அந்த நிறுவனம் 1920 முதல் 1940 வரைதான் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் கத்தி செய்தது. பிடியில் தோட்டா வடிவத்தில் ஒரு சிறு உலோகத் தகடு பதித்த அதன் பெரிய மடக்குக் கத்திகளைச் சேகரிப்பாளர்கள் ‘புல்லட்’ கத்தி என்பார்கள். இங்கே அரிதென்பது உண்மை: செய்த காலம் குறைவு, வேட்டைக்காரர்கள் அவற்றை உழைத்துத் தேய்த்தார்கள், தேயாமல் மிஞ்சியவை சொற்பம். 1982 முதல் அதே பெயரில் ஆண்டுதோறும் மறுபதிப்புகள் வந்தன. அவற்றுக்கும் தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு. மறுபதிப்பை மறுபதிப்பு என்று சொல்லி விற்றால் தவறில்லை. அதைத் தேய்த்து, கறை ஏற்றி, ஐம்பது அறுபது வயதைக் கூட்டிச் சொன்னால் அது மோசடி.

பிடிப் பொருளும் விலையை ஏற்றும். நமக்கு நெருக்கமான செய்தி இதில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் ப்யூமா, அமெரிக்காவின் கேஸ் போன்ற நிறுவனங்கள் மேலான பிடிக்கு விரும்பியது இந்தியக் கடமான் கொம்பு. உள்ளே மென்மையான பகுதி குறைவு, வெளியே வரிவரியாக நல்ல முரடு, கை வழுக்காது. 1990களின் இறுதியில் இந்தியா இதன் ஏற்றுமதியைத் தடுத்தது. அன்றுமுதல் நல்ல கடமான் பிடியுள்ள பழைய கத்திகள் தனி விலைக்குப் போகின்றன. ஆனால் அமெரிக்காவில் மதிப்புமிக்க அந்தப் பிடி, இந்தியாவுக்குள் வரும்போது தலைவலியாக மாறலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் கொம்பை வேட்டைச் சின்னம் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. தானாக உதிர்ந்த கொம்புதானே என்ற சமாதானம் வனத்துறையிடம் எடுபடாது. தந்தப் பிடி என்றால் பேச்சே வேண்டாம். உலக அளவிலேயே அதன் வாணிபத்துக்குக் கடுமையான தடை இருக்கிறது. கத்தியின் அளவும் கவனிக்க வேண்டியது. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுத விதிகள் ஆயுதமாகவே கருதுகின்றன. அதை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். பெரும்பாலான வேட்டைக் கத்திகள் இதைவிடச் சிறியவை. ஆனாலும் விற்பவரிடம் அலகின் அளவையும் பிடிப் பொருளையும் கேட்காமல் பணம் கட்டினால், சுங்கத்தில் நிற்கும் பொட்டலத்துக்குப் பொறுப்பு வாங்கியவர்தான்.

விலை முத்திரையில் இருப்பதால் போலியும் முத்திரையில்தான் வரும். அசல் முத்திரை, எஃகைச் சூடேற்றிக் கடினப்படுத்துவதற்கு முன் அச்சால் அடித்துப் பதித்தது. எழுத்து ஒரே ஆழத்தில் உள்ளே இறங்கியிருக்கும். அமிலத்தால் அரித்துப் போட்டதானால் எழுத்தின் ஓரம் மங்கி, ஆழம் குறைவாகத் தெரியும். பழைய எழுத்தை ராவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பொறித்தால், அலகின் கழுத்து அந்த இடத்தில் மட்டும் மெலிந்து, இரு பக்கத்து உலோகத் தகடுகளுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். விற்பவர் அனுப்பும் படங்களில் இந்த இடைவெளி தெரியும்படி எடுத்த படம் இல்லையென்றால், கேட்டு வாங்க வேண்டும். சிலர் போலி செய்யாமல் மெருகு ஏற்றியே மதிப்பைக் கெடுத்துவிடுகிறார்கள். பளபளவென்று தேய்த்த பழைய அலகைப் பார்த்துப் புதியவர் மயங்குவார். தேர்ந்தவர் விலையைப் பாதியாகச் சொல்வார். வாங்கிய பிறகும் ஆபத்து உண்டு. தோலுறைக்குள்ளேயே வைத்தால் தோல் பதனிட்ட உப்பும் ஈரமும் சேர்ந்து அலகில் துருவும் பித்தளையில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். பழைய செல்லுலாய்டு பிடி நாள்பட நொய்ந்து அமில ஆவி விடும். அதே பெட்டியில் பக்கத்தில் கிடக்கும் கத்தியையும் சேர்த்து அரித்துவிடும். சட்டென்று தீப்பற்றும் பொருள் என்பதால் அதைத் தனியே, காற்றோட்டமாக வைக்க வேண்டும்.

“பிடித்த கத்தியைப் பிடித்த விலைக்கு வாங்குகிறேன், அசலா போலியா என்பது எனக்கு முக்கியமில்லை” என்று ஒருவர் சொல்லலாம். அழகுக்காக வாங்குபவருக்கு அது நியாயமான பேச்சுதான். அப்படியானால் அழகுக்கான விலையை மட்டும் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கும் ஆலைக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டு அவை முக்கியமில்லை என்பது பொருந்தாது. இணையச் சந்தைகளே பணத்தைத் திருப்பித் தருகின்றனவே என்பது இன்னொரு வாதம். தருகின்றன, ஆனால் குறிப்பிட்ட நாள்களுக்குள். அதுவும் பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்று காட்டினால். விளம்பரத்தில் “பழைய கத்தி, படத்தைப் பார்த்துக்கொள்ளவும்” என்று மட்டும் எழுதியிருந்தால், எதைச் சொன்னபடி இல்லை என்று காட்டுவது? அனுபவமுள்ள விற்பனையாளர்கள் சிலர் ஆண்டைத் தொலைபேசியில் சொல்லி, எழுத்தில் விட்டுவிடுவது மறதியால் அல்ல.

அமெரிக்க விற்பனையாளர் பொருளைப் பற்றி எழுதித் தரும் விவரமே, அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் செல்லும் வணிகச் சட்டப்படி, உத்தரவாதமாகக் கருதப்படும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆனால் பலர் கவனிக்காத ஒரு தடை உண்டு. மறுவிற்பனைக்காக வாங்கியவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். “முதலீட்டுக்கு வாங்குகிறேன், விலை ஏறினால் விற்றுவிடுவேன்” என்று விற்பவருக்குத் தானே எழுதிய செய்தி, வழக்கில் தனக்கே எதிராக நிற்கும். ஆகவே உற்பத்தி ஆண்டு, ஆலை, பிடிப் பொருள், எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை என்ற உறுதி ஆகிய நான்கையும் ரசீதிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். கடன் அட்டையில் பணம் கட்டுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்துவையுங்கள். சந்தேகம் வந்தால் கத்தியைத் துடைக்காமல், தீட்டாமல் அப்படியே வைத்துவிட்டு விற்பவருக்கும் வங்கிக்கும் உடனே எழுதுங்கள். விற்பவர் நிறுவனமாக இருந்து பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். ஆணையத்துக்குப் போக, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.