மந்திரமும் படைச்சட்டமும்: மைக் கோலின் ‘ஷேடோ ஆப்ஸ்’ நாவல்களில் படைவீரனின் உடல்

முன்னுரை

மாயப்போர் தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. கம்பராமாயணத்து இந்திரசித்து மறைந்து நின்று போரிடுகிறான். நிகும்பலையில் வேள்வி செய்து வலிமை பெற முயல்கிறான். அங்கு மாயம் வீரன் ஒருவன் வேள்வியாலும் வரத்தாலும் தனக்கென ஈட்டிக்கொள்வது. இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலப் புனைகதையிலோ அது அரசுப் படையின் கருவியாகிறது. போல் ஆண்டர்சனின் ‘ஆபரேஷன் கேயாஸ்’ (1971) நாவலில் ஓநாயாக உருமாறும் ஒருவனும் சூனியக்காரி ஒருத்தியும் அமெரிக்கப் படையில் பணியாற்றுகின்றனர். இம்மரபைத் தற்காலச் சூழலில் வளர்த்தெடுத்தவை மைக் கோலின் ‘ஷேடோ ஆப்ஸ்’ நாவல்கள். அவற்றில் மந்திரம் வியப்பை ஊட்டும் பொருளாக நில்லாமல், படைவீரனின் உடல் யாருக்கு உரியது என்னும் வினாவாக மாறுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

வகைமையும் ஆசிரியரும்

நிகழ்கால நகர வாழ்வினுள் மாயத்தைப் பொருத்திக் காட்டுவது நகர்சார் மிகுபுனைவு. பதவிப் படிநிலை, கட்டளை, பயிற்சி, தளவாடம் ஆகியவற்றை முதன்மைப்படுத்துவது படைத்துறைப் புனைவு. இரண்டும் இணையுமிடத்தில், மந்திரத்தால் எதைச் சாதிக்கலாம் என்பதைவிட, அதைச் செய்யுமாறு ஆணையிடும் உரிமை யாருக்கு உண்டு என்பதே முதன்மை பெறுகிறது.

கோல் ஈராக்கில் மூன்று முறை பணியாற்றியவர். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் இருப்புப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். ‘கண்ட்ரோல் பாயிண்ட்’ (2012), ‘ஃபோர்ட்ரஸ் ஃபிரண்டியர்’ (2013), ‘பிரீச் சோன்’ (2014) ஆகிய மூன்றும் முதல் தொகுதி. இவற்றிற்கு முந்தைய காலத்தைக் கூறும் ‘ஜெமினி செல்’ (2015) முதலிய மூன்று நாவல்கள் பின்னர் வெளிவந்தன.

ஆற்றலின் வகைப்பாடு

இந்நாவல்களின் உலகில் மாந்தர் சிலரிடம் மந்திர ஆற்றல் திடீரென வெளிப்படுகிறது. அது பயின்று பெறுவதன்று; விரும்பிப் பெறுவதுமன்று. அரசு அதனைப் பிரிவுகளாக வகுக்கிறது. நெருப்பு, காற்று, நீர், நிலம் ஆகியவற்றை ஆளும் ஆற்றல்கள் அனுமதிக்கப்பட்டவை. பிணங்களை இயக்குவதும் வெளியைக் கிழித்து வாயில் திறப்பதும் தடைசெய்யப்பட்டவை. உடலைக் குணப்படுத்தும் ஆற்றலுக்கு ஏற்பு உண்டு. அதே ஆற்றலால் உடலைச் சிதைப்பதற்குத் தடை உண்டு. அனுமதிக்கப்பட்ட ஆற்றல் உடையோர் படையில் சேர வேண்டும். மறுத்து ஓடுவோர் வேட்டையாடப்படுவர். ஒருவர் செய்த செயலன்றி, அவரிடம் தோன்றிய இயல்பே குற்றமாகிறது.

சட்டக் காவலனே சட்டத்தின் இலக்கு

‘கண்ட்ரோல் பாயிண்ட்’ நாவலின் தலைமாந்தன் ஆஸ்கர் பிரிட்டன் அமெரிக்கத் தரைப்படை அதிகாரி. ஆற்றல் வெளிப்பட்டோரைப் பிடிக்கும் நடவடிக்கையில் பங்கேற்பவன். தடைசெய்யப்பட்ட வாயில் திறக்கும் ஆற்றல் அவனிடமே தோன்றும்போது, அவன் காத்த சட்டம் அவன்மீதே பாய்கிறது. தப்பியோடிப் பிடிபடும் அவனது மார்பினுள் வெடிகுண்டு பொருத்தப்படுகிறது. பின்னர், தடைசெய்யப்பட்ட ஆற்றலாளரைக் கொண்டு அரசே மறைவாக நடத்தும் பிரிவில் அவன் சேர்க்கப்படுகிறான்.

நாவலின் முரண் இங்குதான் கூர்மை பெறுகிறது. பொதுவெளியில் தடைசெய்த ஆற்றலை அரசு தன் தேவைக்கு மறைவில் பயன்படுத்துகிறது. ஆகவே தடையின் நோக்கம் ஆற்றலை ஒழிப்பதன்று. அதன்மீது தனியுரிமை கொள்வதே எனக் கருத இடமுண்டு. வெடிகுண்டு இவ்வுறவின் குறியீடு. கீழ்ப்படிதல் வீரனின் மனத்திலிருந்து அகன்று உடலில் பதிக்கப்படுகிறது.

எனினும் கோல் பிரிட்டனைக் குற்றமற்றவனாகக் காட்டவில்லை. வெடிகுண்டிலிருந்து விடுபட வேண்டி அவன் சில்லா என்னும் கைதியை விடுவிக்கிறான். அவளோ தளத்திலுள்ள பலரைக் கொல்கிறாள். அடக்குமுறை தவறு என்பதனால் ஆற்றல் தீங்கற்றதாகிவிடாது. அரசின் அச்சத்திற்கும் தனிமனித உரிமைக்கும் ஒருங்கே நியாயம் தருவதால் நாவல் எளிய பரப்புரையாகச் சுருங்கவில்லை.

இறந்தபின்னும் தொடரும் பணி

‘ஜெமினி செல்’ இவ்வினாவை மேலும் நீட்டிக்கிறது. கொல்லப்பட்ட கடற்படைச் சிறப்பு வீரன் ஜிம் ஸ்வைட்சர் அரசின் மறைவுத் திட்டத்தால் மீண்டும் எழுப்பப்படுகிறான். அவனது பிணத்தை நினிப் என்னும் பழமையான, கொலைவெறி கொண்ட ஆவியும் பகிர்ந்துகொள்கிறது. பிரிட்டனின் உடலுள் இருந்தது கருவி. ஸ்வைட்சரின் உடலுள் இருப்பது மற்றொரு விருப்பம். போரிலிருந்து மீண்டவரைப் போர் விடாமல் பற்றியிருக்கும் நிலைக்கு இது வலிய உருவகம். மரணம்கூட வீரனைப் பணியிலிருந்து விடுவிப்பதில்லை.

சட்டத்தின் உள்ளிருந்து மாற்றம்

‘பிரீச் சோன்’ நாவலில் நியூயார்க் நகரம் தாக்கப்படுகிறது. சட்டத்தை உறுதியாகப் பின்பற்றிய அதிகாரி ஹார்லெக்வின், நகரைக் காக்கச் சட்டத்திற்கு வெளியே வாழும் ஆற்றலாளரின் துணையை ஏற்கிறான். தன்னால் வேட்டையாடப்பட்டோரோடு தோள்சேர்ந்து நிற்கும் நிலை அவனைச் சட்டத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. பிரிட்டன் தப்பியோட்டத்தில் தேடிய விடையை இவன் பொறுப்பினுள் தேடுகிறான்.

முடிவுரை

படைத்துறை மிகுபுனைவைப் போர்ப்பெருமை பாடும் பொழுதுபோக்கு எனப் பொதுவாக ஒதுக்குவதுண்டு. கோலின் நாவல்கள் படையின் தோழமையையும் கடமையுணர்வையும் மதிக்கின்றன. ஆயினும் அவற்றின் பெயரால் உடலின்மீது கோரப்படும் உரிமையை ஐயுறுகின்றன. மந்திரம் என்னும் புனைவைக் களைந்து நோக்கினால் எஞ்சுவது கட்டாயப் பணியும் அதன் வரம்பும் பற்றிய பழைய வழக்கே. அவ்வழக்கில் வீரனின் குரலையும் அரசின் குரலையும் ஒருசேரக் கேட்கச் செய்வதே இந்நாவல்களின் இலக்கியப் பயன் எனலாம்.