குழாய்க் கிணற்று நீரில் செவ்வண்டல்

குழாய்க் கிணற்றிலிருந்து இறைக்கும்போது தெளிவாயிருந்த நீர், குடத்தில் சற்று நேரம் நின்றதும் மஞ்சள் நிறமடைந்து, அடியில் செவ்வண்டல் தங்குவதைச் சில கிராமங்களில் காண்கிறோம். அந்நீரை வெறுத்து மக்கள் குட்டை நீரை நாடினால், வாந்திபேதி முதலிய நோய்கள் பரவ ஏதுவாகும்.

இவ்வண்டல் யாது? நிலத்தடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு நிறமின்றி நீரில் கரைந்திருக்கும். வெளிவந்ததும் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி, நீரேறிய இரும்பு ஆக்ஸைடாக மாறுகிறது. இது நீரில் கரையாது, ஆகவே படிகிறது. இரும்புத் துருவும் மஞ்சட்காவியும் இவ்வினத்தவையே. மஞ்சட்காவியைச் சுட்டால் நீர் நீங்கிச் செங்காவியாகும். ஒரு லிட்டர் நீரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருப்பின், துவைக்கும் துணியிலும் கறை படியும்.

வீட்டுக் குடத்தில் நிகழும் இம்மாற்றத்தை ஊர்த் தொட்டியிலேயே நிகழச் செய்வதுதான் பரிகாரம். 1 மில்லிகிராம் இரும்புக்கு 0.14 மில்லிகிராம் பிராணவாயு போதும். ஆகையால் நீரைத் துளையிட்ட தட்டுகளின் வழியே மழைபோல் விழச் செய்து, தொட்டியில் தெளியவிட்டு, மணலில் வடிகட்ட வேண்டும். நீர் அமிலத்தன்மையுடையதாயின் மாற்றம் தாமதமாகும். அளவறிந்து சுண்ணாம்பு சேர்த்தால் விரைவுறும். மணல் அடைபடும்போது அதனைக் கழுவுதல் அவசியம்.

இரும்பு நீங்குவதால் மட்டும் கிருமிகள் ஒழிந்துவிடா. இரும்பு குளோரினை வீணாக்குமாதலால், வடிகட்டிய பின்னரே குளோரின் இடுதல் வேண்டும். பஞ்சாயத்தார் முதற்கண் நீரைப் பரிசோதனை செய்வித்து, இம்முறையை மேற்கொள்வாராக.