எச்சத்துக்கு ஆள் யார்?

மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை தங்கச்சி. பிளேன்டீயைக் குடி, அதற்குள் இந்தப் பார்ட்டிசிப்பிளை முடித்துவிடலாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பலர் இதைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. இது நம் வீட்டில் தினமும் பேசுகிற பேச்சு.

“அம்மா கொழுந்து பறித்து, மடுவத்துக்குப் போனார்.” இதில் ‘பறித்து’ தனியாக முடியாது, இன்னொரு வினையைத் தேடி நிற்கும். அதனால்தான் அதற்கு வினையெச்சம் என்று பெயர். ‘போனார்’ என்பது முற்று. ஆங்கிலத்தில் இதையே பார்ட்டிசிப்பிள் போட்டு “ஹேவிங் பிளக்ட் த லீவ்ஸ், அம்மா வென்ட் டு த வெயிங் ஷெட்” என்கிறோம். முதல் வேலை முடிந்த பிறகு அடுத்தது நடந்தால் ‘ஹேவிங்’. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் ‘இங்’ போதும்: “சிங்கிங் எ சோங், ஷி பிளக்ட் த லீவ்ஸ்.” பாடிக்கொண்டே பறித்தார்.

மூன்றாவது வகை, செயப்பாட்டு. இந்த ஊர் மின்நிலையத்தையே எடுத்துக்கொள்: “நேம்ட் ஆஃப்டர் விமலசுரேந்திர, த பவர் ஸ்டேஷன் யூசஸ் வாட்டர் ஃப்ரம் காசல்ரீ.” மின்நிலையம் யாருக்கும் பெயர் வைக்கவில்லை; அதற்குப் பெயர் வைக்கப்பட்டது. இலங்கையின் ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இலேயே ஆய்வுரை எழுதிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயர் அது. தான் பெயர் பெற்றது, பிறரால் செய்யப்பட்டது என்ற பொருள் வரும்போது ‘நேம்ட்’, ‘பில்ட்’ என்ற வடிவம்.

இனி, மார்க் போகிற இடத்துக்கு வருவோம். “வோக்கிங் டு ஸ்கூல், த ரெயின் ஸ்டார்டட்” என்று எழுதியிருக்கிறாய். அதைத் தமிழில் சொல்லிப் பார்: “பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய், மழை தொடங்கியது.” காதில் இடறுகிறதா? நடந்து போனது நீ, மழை அல்ல. ‘செய்து’ என்னும் எச்சம் பொதுவாக முற்றுவினையின் எழுவாயையே கொள்ளும் என்பது தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் விதி. ஆங்கிலமும் அதையே கேட்கிறது. ஆள் மாறினால் தமிழில் வடிவத்தை மாற்றி “நான் நடந்து போகும்போது மழை தொடங்கியது” என்போம். ஆங்கிலத்திலும் ஆளைச் சொல்லிவிடு: “வென் ஐ வோஸ் வோக்கிங் டு ஸ்கூல், த ரெயின் ஸ்டார்டட்.”

பெயரெச்சத்தில் மட்டும் இடம் மாறும். ‘கூடை சுமக்கும் பெண்’ என்று நாம் பெண்ணைக் கடைசியில் வைப்போம். ஆங்கிலத்தில் பெண் முதலில்: “த வுமன் கெரியிங் த பாஸ்கட்.”

லயத்துப் பிள்ளைக்கு இங்கிலிஷ் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்த விதி உன் அம்மாவின் பேச்சிலேயே உனக்கு வந்து சேர்ந்துவிட்டது. பரீட்சையில் இப்படி எச்சத்தில் தொடங்கும் ஒவ்வொரு வசனத்தையும் எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேள்: அந்த எச்சத்தின் வேலையைச் செய்தது யார், செயப்பாட்டு என்றால் அது எதற்குச் செய்யப்பட்டது? கமாவுக்குப் பிறகு முதலில் அந்த ஆளோ பொருளோ நின்றால், வசனம் சரி.